இருபத்து நாலு வோல்ட்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். உடம்பு எப்படி இருக்கு? வெயில்ல தொப்பி போட்டுக்கிறியா, இல்ல மண்டையைக் காயப்போட்டுட்டுத் திரியறியா? போன கடிதத்துல சாப்பாட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அதுலயே தெரியுது நீ ஒழுங்கா சாப்பிடுறதில்லன்னு.

நான் நல்லா இருக்கேன். உன் மச்சான்தான் படுத்துறார். இருமலை விட வாய் ஜாஸ்தியாயிடுச்சு. போன வாரம் டாக்டர்கிட்ட, "இத்தனை வருஷம் ஊருக்கே மாவு அரைச்சேன் டாக்டர், பாதியை நுரையீரல்ல பத்திரமா வச்சிருக்கேன்"னு சொல்லிட்டு இவரே சிரிக்கிறார். டாக்டர் சிரிக்கல. ஆக்சிஜன் மிஷினை இனிமே ராத்திரி முழுக்க நிறுத்தாம ஓட்டணும்னு சொல்லிட்டார்.

அங்கதான்டா வம்பு. கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடுது. அப்புறம் இன்வெர்ட்டர் கீச்கீச்சுன்னு கத்துது, மிஷின் நின்னுடுது. அவர் எழுந்து உக்காந்துக்கிறார். உதடு நீலமாகுது. நான் ஓடிப்போய் சின்ன சிலிண்டரைத் திறந்து விடுறேன். பேட்டரி நாலும் பின்னாடி கொட்டகையிலதான் இருக்கு, அமில வாடை அவருக்கு ஆகாதுன்னு நீதானே அங்க வைக்கச் சொன்ன. கொட்டகைக் கூரை ஒழுகுதுன்னு இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ள இருக்கு. நடுவுல வர்ற ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சுடுது. ஆம்பியர் மீட்டர் முப்பது காட்டுது. பேட்டரி காலியோன்னு கொட்டகையில போய்ப் பார்த்தா அங்க வோல்ட் சரியாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள வந்து பார்த்தா குறையுது. வழியில எவன் திருடுறான்னு தெரியல.

எனக்குப் பயமா இருக்குடா. அவர்கிட்ட சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன். இங்க டவரும் கிடையாது, வாரத்துக்கு ஒரு ஜீப், அதுல வர்ற தபால், அவ்வளவுதான் நமக்கு. சீக்கிரம் பதில் போடு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், தொப்பி போடுறேன், சாப்பிடுறேன், போதுமா? மச்சான் எப்படி இருக்கார்? நீ எப்படி இருக்க? உன்னைப் பத்தி "நல்லா இருக்கேன்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட.

பேட்டரி மேல தப்பு இல்ல. திருடுறது உன் ஒயர்தான். நாலு பேட்டரியும் இப்ப பன்னெண்டு வோல்ட்ல சேர்ந்து நிக்குது. மிஷினுக்கு வேணும்ங்கிற சக்தியைப் பன்னெண்டு வோல்ட்ல கொடுத்தா முப்பது ஆம்பியர் ஓடணும். அந்த ஒயர் அதைத் தாங்காது. சூடாகிச் சூடாகிப் பாதி வழியில வோல்ட்டைத் தின்னுடுது.

மச்சானுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மில்லுலேர்ந்து லாரிக்கு இவ்வளவு மாவு போய்ச் சேரணும். சின்ன மூட்டையா கட்டினா நிறைய ஆள் நடக்கணும், சந்துல நெரிசல். மூட்டையை ரெண்டு மடங்கு பெருசாக்கினா பாதி ஆள் போதும், போற மாவு அதேதான். மூட்டை சைஸ்தான் வோல்ட். நடக்கிற ஆள்தான் ஆம்பியர். ஒயர்தான் சந்து.

அதனால பேட்டரியை இருபத்து நாலு வோல்ட்டுக்கு மாத்திடு. முப்பது ஆம்பியர் பதினஞ்சா இறங்கிடும். ஒயர்ச் சூடு பாதியாகும்னு நினைக்காத, நாலுல ஒண்ணாயிடும். படம் போட்டு இத்தோட வச்சிருக்கேன். ரெண்டு பேட்டரியைப் பிளஸ்ஸும் மைனஸும் கைகோக்க வச்சு ஒரு ஜோடி, இன்னும் ரெண்டு ஒரு ஜோடி, அப்புறம் ஜோடியும் ஜோடியும் பக்கத்துல பக்கத்துல. கூரைமேல இருக்கிற சோலார் பேனலுக்கும் இதே மாதிரி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் தானா புரிஞ்சுக்கும். இன்வெர்ட்டரையும் தொட வேண்டாம், நான் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டி பன்னெண்டு, இருபத்து நாலு ரெண்டுக்கும் தானா மாறிக்கும்.

வளையலைக் கழட்டிடு. ஸ்பேனர் பிடியில டேப் சுத்திக்கோ. மச்சானை அந்த நேரத்துக்குச் சிலிண்டர்ல போட்டுடு. நல்ல வெளிச்சத்துல, அவசரப்படாம செய். உன்னால முடியும். என் சைக்கிளைப் பிரிச்சு மாட்டினவ நீதானே, ஒரு நட்டு மிச்சம் வந்தது வேற விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கோ, ரெண்டு பேரும்.

தம்பி

*

மார்ச் 4

மாப்ளைக்கு,

உன் மச்சான் எழுதுறது. சுகமா? இங்க நான் சுகம்னு சொன்னா உன் அக்கா பின்னாடி நின்னு "பொய்"ங்கிறா. சரி, முக்கால் சுகம்.

உன் படம் வந்ததுலேர்ந்து வீட்டுல ஒரே அமர்க்களம். அதைச் சுவத்துல ஒட்டியிருக்கா. நாலு டப்பாவை வரிசையா வச்சு, நூல் கட்டி, இது பிளஸ் இது மைனஸ்னு ஒத்திகை பார்க்கிறா. குறுக்க பேசினா ஸ்பேனரைக் காட்டுறா. கல்யாணத்துக்கு முன்னாடி இவ இப்படின்னு உங்க வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் இன்னும் சீக்கிரமா கட்டியிருப்பேன்.

மூட்டைக் கணக்கு நல்லாப் புரிஞ்சுது. ஆனா பெரிய மூட்டையைத் தூக்கினவனுக்குத்தான் தெரியும் முதுகு என்னாகும்னு. அதை நீ எழுதல.

ஒண்ணு சொல்றேன், உன் அக்காகிட்ட சொல்லிடாதே. மிஷின் நின்னா எனக்குப் பெருசா பயமில்ல. அப்ப அவ முகம் போற போக்கைப் பார்க்கத்தான் பயமா இருக்கு. ரொம்ப நாளா அவ தூங்கறதே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு காதைத் திறந்து வச்சிருக்கா. இது சரியாயிட்டா அவ தூங்குவா. எனக்கு அது போதும்.

ஜீப்காரர் இந்த வாரம் கனெக்ஷன் ஒயர் கொண்டு வர்றார். வந்ததும் ஆரம்பிச்சிடுவா. இன்னொரு விஷயம், நீ கொடுத்த பெட்டியைப் பத்தி. எழுதினா கத்துவ. நீ வரும்போது நேர்ல சொல்றேன், அப்பக் கத்து.

நல்லா இருப்பா.

மச்சான்

*

மார்ச் 16

அக்கா,

சௌக்கியம் எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். இதைப் படிச்ச உடனே பேட்டரிகிட்ட போகாத.

மச்சான் கடிதம் இன்னைக்குத்தான் வந்துச்சு. பெட்டியைப் பத்தி என்ன? இப்ப வீட்டுல இருக்கிறது நான் கொடுத்த இன்வெர்ட்டரா, வேறயா? பின்பக்கம் ஸ்டிக்கர்ல 12/24னு இருக்கான்னு பாரு. வெறும் பன்னெண்டுன்னு இருந்தா எதையும் மாத்தாத. பன்னெண்டு வோல்ட் பெட்டியில இருபத்து நாலைக் கொடுத்தா அந்த நிமிஷமே வெடிச்சுப் போயிடும். ஒயர் சுட்டா சுடட்டும், மிஷின் கத்தினா கத்தட்டும், இருக்கிறபடியே இருக்கட்டும். நான் வேற பெட்டி வாங்கி அனுப்புறேன்.

ஜீப்காரர் நம்பருக்கு விடாம போட்டுப் பார்த்தேன், கிடைக்கவே இல்ல. இதை அவசரத் தபால்ல போடுறேன். ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

தம்பி

*

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நீ நல்லா இருக்கணும்.

எல்லாம் மாத்தியாச்சு. நீ சொன்ன மாதிரியே மீட்டர் பதினஞ்சு காட்டுது. ஒயர் சுடல. பெட்டி நீ கொடுத்ததுதான், அவர் சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கார். வேற எதுவும் அனுப்ப வேண்டாம்.

இங்க ஒரு குறையும் இல்ல.

அக்கா

*

ஏப்ரல் 12

மச்சானுக்கு,

உங்களைக் கொல்லணும் மச்சான். பெட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்னு மொட்டையா எழுதிட்டீங்க, இங்க நான் நாலு வாரம் தூங்காம செத்துப் பிழைச்சேன். கடைசியில விளையாட்டாம்! என் ரூம்ல ஒரு வெல்டர் இருக்கார், "உனக்கு என்னப்பா ஆச்சு, தூக்கத்துல 'தொடாத தொடாத'ங்கிற"ன்னு என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறார். அந்தப் பழி உங்களைத்தான் சேரும்.

அக்கா கடிதம் வந்தப்புறம்தான் உயிர் வந்துச்சு. பதினஞ்சு ஆம்பியர்! இங்க கண்ணுக்கெட்டின வரைக்கும் பேனல் போடுறோம், பெரிய பெரிய இன்ஜினியருங்க சுத்துறாங்க. ஆனா எனக்கு என் அக்கா ஒரு ஸ்பேனரை வச்சுக்கிட்டு மாத்தின நாலு பேட்டரிதான் பெருமை. எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

இப்ப எப்படி இருக்கு மச்சான்? நல்லா மூச்சு விட முடியுதா? அக்கா தூங்குறாளா? அவ எழுதினது நாலே வரி. உங்களை மாதிரி வம்பு வளர்த்து எழுதினாத்தான் எனக்கு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும். நான் பரீட்சையில ஃபெயிலாகி வந்து நின்ன அன்னைக்கு, எல்லாரும் திட்டினப்ப, நீங்க மட்டும் மில்லு மோட்டாரைக் காட்டி, "இது ஏன் சுத்துதுன்னு சொல்லு, டீ வாங்கித் தர்றேன்"னீங்க. அந்த டீயிலதான் நான் இன்னைக்குச் சாப்பிடுறேன். சும்மா எழுதணும்னு தோணுச்சு.

வாயை மூடிட்டு மூக்கு வழியா மூச்சு விடுங்க. பதில் போடுங்க.

உங்க மாப்ளை

*

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நல்லா இருக்கியா? தூங்காம இருக்காத.

நீ அவருக்கு எழுதின கடிதத்தை நான்தான் பிரிச்சேன். கட்டில்ல உக்காந்து சத்தமா படிச்சேன். மோட்டார் விஷயம் எனக்குத் தெரியாது, ரெண்டு பேரும் என்கிட்ட சொன்னதே இல்ல. வெல்டர் ஒதுங்கிப் போறதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் இந்த வீட்டுல சிரிச்ச சத்தம் கேட்டுச்சு.

அவரால இப்ப எழுத முடியாது. எதிர்பார்க்காத. ஆனா நீ எழுது. எனக்கு எழுதாட்டிப் பரவாயில்ல, அவருக்கு எழுது. நீளமா எழுது. நான் படிச்சுக் காட்டுறேன்.

வெயில் அங்க எப்படி? இங்க காத்து ஜாஸ்தியா இருக்கு, கொட்டகைத் தகரம் நாள் பூரா தடதடங்குது.

அக்கா

*

மே 14

மச்சானுக்கு,

கை நடுங்குதா? அதனாலதான் எழுத முடியலையா? பரவாயில்ல, நான் எழுதுறேன், நீங்க கேளுங்க. அக்கா, இடையில நிறுத்தி உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காம படி.

மச்சான், இங்க ஒரு மேஸ்திரி இருக்கார், அச்சு அசல் நீங்கதான். பேசிட்டே இருப்பார். நேத்து பேனல் கண்ணாடியில தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கிட்டார். "ஏன்யா, கோடி ரூபாய்ச் சாமான்"னு சூப்பர்வைசர் கத்தினதுக்கு, "அதான் அழகா தெரியுது"ன்னார். எனக்கு உங்க ஞாபகம் வந்து பாத்ரூம்ல போய் அழுதுட்டேன். சிரிக்காதீங்க.

நல்ல சேதி ஒண்ணு. எனக்கு லீவு கிடைச்சிடும் போலிருக்கு, ஆகஸ்டுல. வந்ததும் உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய்க் கொட்டகையைக் காட்டப்போறேன். மிஷின் டியூபை நீளமா போட்டுக்கலாம், வாசல் வரைக்கும் நீங்க வரலாம். அதுக்குப் பகல்லயும் மிஷினை ஓட்டணும், எவ்வளவு பேட்டரி மிச்சம் இருக்குன்னு பார்க்கணும்.

அக்கா, இது உனக்கு. சாயங்காலம் வெயில் போனதும் பேட்டரியில வோல்ட் எவ்வளவுன்னு பாரு. விடிஞ்சு வெயில் வர்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாரு. ஒரு வாரம் பார்த்து எழுது. ராத்திரி பூரா மிஷின் ஓடினப்புறம் எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சா, நான் மத்ததைக் கணக்குப் போட்டுக்கிறேன்.

ரெண்டு பேரும் நல்லா இருங்க. வந்துட்டே இருக்கேன்.

தம்பி

*

ஜூன் 1

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமா? லீவு கிடைச்சா சந்தோஷம். இல்லாட்டியும் பரவாயில்ல. வேலையைக் கெடுத்துக்கிட்டு ஓடி வராத.

நீ கேட்ட மாதிரி தினமும் பார்த்தேன். சாயங்காலம் இருபத்தஞ்சரை. காலையில பார்த்தாலும் இருபத்தஞ்சரை. ஒரு நாள் மட்டும் காலையில இருபத்தஞ்சு புள்ளி நாலு. வாரம் பூரா இதேதான். ஒண்ணும் இறங்கல. நல்லாத்தானே இருக்கு? நீ பயப்பட ஒண்ணும் இல்ல.

தலை சீவின மேஸ்திரி கதையை ரெண்டு தடவை படிச்சேன். வாசல் வரைக்கும் டியூப்னு நீ எழுதினது வரைக்கும் படிச்சேன், அதோட நிறுத்திட்டேன்.

இன்னும் எழுது.

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

உன் கடிதம் வந்ததும் குதிச்சேன். ராத்திரி பூரா மிஷினை ஓட்டியும் இறங்காத பேட்டரின்னு, கடிதத்தையே எடுத்துட்டுப் போய் சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். அவர் பார்த்துட்டு, "இதுல எதுவுமே ஓடல போலிருக்கேப்பா"ன்னார். உங்களுக்கு என்ன சார் தெரியும், எங்க அக்காவே மாட்டினதுன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்.

ரூமுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த மிஷின் ராத்திரி பூரா ஓடியிருந்தா, எவ்வளவு நல்ல பேட்டரியா இருந்தாலும் காலையில இருபத்து நாலரை பக்கம் வந்திருக்கணும். இறங்காம இருக்கவே முடியாது. மீட்டர் பதினஞ்சு காட்டுதுன்னு எழுதினியே, அது நான் எழுதின நம்பர். நிஜ மீட்டர் பதினாலுன்னும் காட்டும், பதினாறுன்னும் காட்டும், சொல்லி வச்ச மாதிரி காட்டாது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சந்தோஷத்துல உறைக்கல.

மிஷின் ஓடல. அப்படின்னா மச்சான் எங்க?

ஆஸ்பத்திரியில இருக்கார்னு சொல்லு. வேற மிஷின்ல இருக்கார்னு சொல்லு. உன் கடிதத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தேன் அக்கா, மார்ச்சுக்கு அப்புறம் ஒண்ணுல கூட அவர் பேசினதா ஒரு வார்த்தை இல்ல. அவர் பேசாம இருப்பாரா? நீ படிச்ச, நீ சிரிச்ச. அவர் சிரிச்சார்னு எங்கயும் நீ எழுதல.

நான் இத்தனை மாசமா யாருக்கு எழுதிட்டு இருந்தேன்? உங்களைக் கொல்லணும்னு எழுதினேனே, அதை யாருக்கு எழுதினேன்? கேலி பண்ணி, வாயை மூடிட்டு மூச்சு விடுங்கன்னு யாருக்கு எழுதினேன்? நீ எப்படி என்னை எழுத விட்ட? "அவருக்கு எழுது"ன்னு கேட்டு வேற வாங்கின.

நான் போட்ட படம்தானா? அதை மட்டும் சொல்லிடு. என்னால தாங்க முடியாட்டியும் சொல்லிடு.

தம்பி

*

ஜூலை 2

என் அன்புத் தம்பிக்கு,

உக்காந்துக்கோ. அந்த வெல்டரைப் பக்கத்துல இருக்கச் சொல்லு. அப்புறம் படி.

உன் மச்சான் போயிட்டார்டா. மார்ச்சுலயே போயிட்டார்.

நீ கொடுத்த பெட்டிக்குள்ள போன மழைக்காலத்துல எலி புகுந்து எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுடுச்சு. டவுன்ல போய் வேற ஒண்ணு, வெறும் பன்னெண்டு வோல்ட் பெட்டி, வாங்கினோம். பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது, சொன்னா மனசு கஷ்டப்படுவான், தூரத்துல இருக்கிறவனுக்கு எதுக்குன்னு ரெண்டு பேரும் பேசி மறைச்சோம். நீ இன்வெர்ட்டரைத் தொட வேண்டாம்னு எழுதின வரியைப் படிச்சப்ப நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். "பெட்டின்னா பெட்டிதானே"ன்னார் அவர். நானும் ஆமான்னேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு எனக்குத் தோணல. அவர் தூங்கணும், நானும் தூங்கணும், அதுதான் என் கண்ணுல இருந்துச்சு.

காலையில நல்ல வெளிச்சத்துல ஆரம்பிச்சேன். வளையலைக் கழட்டினேன். டேப் சுத்தினேன். அவர் சிலிண்டர் டியூபை மூக்குல மாட்டிக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்து, "மேடம், பிளஸ்ஸைப் பார்த்து, மேடம்"னு கத்திட்டே இருந்தார். எல்லாம் உன் படத்துல இருந்த மாதிரியே முடிச்சேன். பேட்டரியில வோல்ட் பார்த்தேன், சரியா இருந்துச்சு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? உள்ள வந்து சுவிட்சைப் போட்டேன். டமால்னு ஒரு சத்தம், பெட்டியிலேர்ந்து புகை. அவர் சிரிச்சார். "உன் தம்பி பட்டாசு அனுப்பியிருக்கான்டி"ன்னார். அதுதான்டா அவர் கடைசியா சிரிச்சது.

பெட்டி செத்துப் போச்சு. பழையபடி மாத்தினாலும் ஓட்ட வேற பெட்டி இல்ல. சிலிண்டர்ல பாதிதான் இருந்துச்சு. நான் ஓடினேன், ரோட்டுல நின்னு ஒரு லாரியை மறிச்சேன், வந்துட்டாங்க, நல்லவங்க. ஏத்திட்டுப் போறப்ப வழியிலயே சிலிண்டர் தீர்ந்துடுச்சு. அவர் தலை என் மடியில இருந்துச்சு. பயந்தாரான்னு கேப்ப. பயந்தார்டா. நான் பொய் சொல்ல மாட்டேன். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரியறப்ப அந்தப் பிடி தளர்ந்துடுச்சு.

எல்லாம் முடிச்சு வீட்டுக்குத் திரும்பி வந்தா, வாசல்ல உன் கடிதம் கிடக்குது. பேட்டரிகிட்ட போகாதன்னு. பிரிச்சுப் படிச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன்.

நீ போட்ட படத்துல ஒரு கோடு தப்பில்ல. நீ எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்ல. எங்க வீட்டுல என்ன இருக்குன்னு உனக்குச் சொல்லியிருந்தா நீ தடுத்திருப்ப. சொல்லாதது நாங்க. அப்படி ஒரு நோயாளியை வீட்டுல வச்சுக்கிட்டும் சொல்லாம இருந்தது நான். இதை நூறு தடவை படிச்சுக்கோ, உன் தலையில எடுத்துப் போட்டுக்காத, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.

நீ தாங்க மாட்டன்னுதான் மறைச்சேன்னு இந்தக் கடிதத்துல எழுதணும்னு நினைச்சேன். முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. டவுன்ல ஒரு கடைக்காரர்கிட்ட போனைக் கேட்டு வாங்கி உன் நம்பரைப் போட்டு, நீ "ஹலோ"ன்னதும் கட் பண்ணினேன். அது உனக்காகத்தான். ஆனா ஏப்ரல்ல நீ அவருக்குன்னு ஒரு கடிதம் போட்ட பாரு, அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் உனக்காக இல்லடா. கவர்ல அவர் பேரைப் பார்த்தேன். பிரிச்சா, உள்ள அவரைக் கொல்லணும்னு எழுதியிருக்க. உயிரோட இருக்கிறவரைத்தானே அப்படி எழுத முடியும்? இங்க எல்லாருக்கும் அவர் செத்துப் போனவர். ஜீப்காரர் என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிறார். டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார். உன் ஒருத்தன்கிட்ட மட்டும்தான் அவர் இருமிட்டு, வம்பு பேசிட்டு, கைத்தாங்கலா வாசல் வரைக்கும் வரப்போறவரா இருந்தார். உன்கிட்ட சொல்லிட்டா அங்கேர்ந்தும் போயிடுவாரேன்னு எனக்குப் பயம். உன்னை ஏமாத்திதான் அவரை வச்சிருந்தேன். நீ எழுத எழுத நான் அவர் கட்டில்ல உக்காந்து படிச்சேன். தப்புதான். தெரிஞ்சுதான் செஞ்சேன். கோபப்படு, திட்டு, வந்து முகத்துக்கு நேரா கேளு.

இப்ப உன்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னைக்குத்தான்டா எனக்கு அவர் முழுசா போயிட்டார்.

சாப்பிடாம இருந்துடாத. லீவு எப்பக் கிடைச்சாலும் வா. அது வரைக்கும் கடிதத்தை நிறுத்திடாத. இனிமே எனக்கு எழுது.

உன் அக்கா